முடிவெடுக்கும் உயரம்

வாகர் தீவில் இன்றும் மூடுபனி.
சமையல் மேசையில், உப்புக்குப்பிக்குப் பக்கத்தில்
த்ராட்டிலைத் திருகிப் பொருத்துகிறாள் ரான்வா.

வானிலை மட்டும் நிஜத்திலிருந்து இறக்கியது:
சன்னலில் இருக்கும் அதே வெள்ளை
திரையிலும்.

ஏழு செயற்கைக்கோள்கள். எட்டு. பதினொன்று.
ஊதாக் கோடு ஃபியோர்டுக்குள் வளைகிறது,
தெரியாத மலையை இடப்பக்கம் விட்டு
அது சொன்னபடி இறங்குகிறாள்.
பூனை விசைப்பலகையில் ஏறப் பார்க்கிறது.
இப்போ வேண்டாம், போ.

முள் நடுவை விட்டு நகரவில்லை.
எல்லாம் சரி,
ஓடுபாதைதான் இல்லை.
இயந்திரக் குரல்: முடிவெடு.

ஒரு சொடுக்கு போதும் பனியைக் கலைக்க.
விரல் அங்கேதான் இருக்கிறது.

அப்போது கூரைக்கு மேல்
இறங்கிக்கொண்டிருந்த நிஜ எஞ்சின் ஒன்று
குரலை மாற்றி
உறுமி ஏறுகிறது.
கோபன்ஹேகனிலிருந்து வரும் மாலை விமானம்;
பதினாறாம் வரிசையில் யாகுப்,
மடியில் அவள் கேட்ட
மஞ்சள் திரைச்சீலைத் துணி.

விரலை எடுத்துவிடுகிறாள்.
த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, மூக்கைத் தூக்கி,
சக்கரங்களை மடக்கி
அவனோடு ஏறுகிறாள், வெள்ளைக்குள்.

இனி பெர்கனுக்குத்தான் போவான்.
அடுப்பில் உருளைக்கிழங்கு
ஒரு ஆளுக்கு அதிகம்.