இடது கால் கணக்கு

கொழும்புக் கழகத்தின் கடிதம் வியாழக்கிழமை வந்தது.
கொண்டுவந்தவர் எங்கள் பழைய பின்வரிசைக்காரர்,
இப்போது அவர்களுக்கு ஆள் பார்த்துக் கொடுக்கிறார்.
தேத்தண்ணி குடித்தார். சீனி போதாது என்றார்.
மூன்று இலட்சம், பதினாறு சோடிச் சப்பாத்து,
பதிலுக்கு யதுர்ஷன்.

பதினெட்டு முடிய இரண்டு மாதம் இருக்கிறது அவனுக்கு.
திருக்கடலூர்க் கரையில் மணல் தின்ற இடது கால்.
மாலையில் மான்கள் வந்து மேயும் மைதானத்தில்
மானுக்கு வழிவிட்டு, ஆளுக்கு வழிவிடாமல்
ஓடப் பழகியவன்.

நான் பொருளாளர்.
பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை.
கழகத்தின் காசு என் கைப்பைக்குள் இன்னொரு பையில்:
பதினோராயிரத்து நானூற்று இருபது ரூபாய்.
சந்தா தராதவர்கள் பட்டியல்
தந்தவர்களுடையதைவிட நீளம்.

கூட்டம் ஐஸ் பக்டரிக்குப் பின்னால்.
விற்கக்கூடாது என்றார் தலைவர் வில்பிரட்.
பெடியளை வைத்துக் கட்டவேணும், அஞ்சு வருசத் திட்டம்.
அஞ்சு வருசம் என்றபோது மேசையில் தட்டினார்.
மேசைக்கு ஏற்கெனவே ஒரு கால் இல்லை.
பயிற்சியாளர் ஹனீபா கேட்டார்:
‘வெச்சிருக்கிறதெண்டா எதால? கயித்தாலயா?’

ஒருவரும் சிரிக்கவில்லை.
போன வருசம் சுஜீபனை அப்படித்தான் வைத்திருந்தோம்,
விடுவிப்புப் பத்திரத்தில் ஒப்பமிடாமல்.
அங்கும் ஆடாமல் இங்கும் ஆடாமல்
ஒரு பருவம் முழுக்கச் சலூன் வாசலில் இருந்தான்.
பிறகு கட்டாருக்குப் போனான்.
பெருநாளுக்கும் பொங்கலுக்கும் ஊருக்கெல்லாம் எடுக்கிறான்,
எங்களுக்கு எடுப்பதில்லை.
என் புத்தகத்தில் அது ‘இழப்பு’ என்ற தலைப்பில் இல்லை.
அதற்குத் தலைப்பே இல்லை.

ஆகவே சொன்னேன்: விற்போம்.
விலைக்கு ஒரு வால் வைத்து விற்போம்.
அவர்கள் அவனை வேறெங்கு கொடுத்தாலும்,
மாலைதீவோ மலேசியாவோ சந்திரமண்டலமோ,
ஐந்தில் ஒரு பங்கு எங்களுக்கு.
வந்தவர் சிரித்தார். ‘அக்கா, இது மீன் இல்ல.’
மீன் என்றால் இவ்வளவு பேசியிருக்கமாட்டேன், தம்பி.
மீன் திரும்பிப் பார்க்காது.

அப்போதுதான் ஒருவருக்கு ஞாபகம் வந்தது,
அவனை இன்னும் கேட்கவில்லை என்று.
வெளியில்தான் நின்றான், சைக்கிளில் ஒரு காலை ஊன்றி.
‘காசு வந்தா என்ன செய்வீங்கள்?’
வலை, பந்து, மழைக்கு விழுந்த வேலி என்று இழுத்தோம்.
‘மூதூரில றிம்சான் எண்டு ஒரு கீப்பர்.
என்ர அடி ரெண்டைப் பிடிச்சவன். அவனை எடுங்கோ.
நான் போனா நீங்கள் கோல் போடமாட்டியள்.
வாங்காமலாவது இருங்கோ.’

இரவு மெயிலில் போனான்.
ரயில் எடுக்குமுன் தாய் இரண்டு தரம் ஏறி இறங்கினாள்,
இரண்டாம் தரம் எதற்கென்று தெரியவில்லை.

றிம்சானுக்கு ஐம்பதாயிரம், பஸ் காசு புறம்பு.
முதல் ஆட்டம் சீனன்குடாக்காரருடன்.
பூச்சியத்துக்குப் பூச்சியம்.
வில்பிரட் பட்டாசு கொளுத்தினார், பற்றுச்சீட்டு இல்லாமல்.
மிச்சக் காசில் பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணி
என்று தீர்மானம் எழுதினோம்.
செயலாளரின் எழுத்தில் அது அணில் மாதிரிக் கிடக்கிறது.
சப்பாத்துகளும் வந்தன:
எல்லாம் எட்டு, ஒன்பது.

நேற்றுக் கணக்கு முடித்து வரும்போது
மைதான மதிலில் ஒரு பிள்ளை
வெறும் காலால் பந்தை அடித்துக்கொண்டிருந்தது.
இடது கால்.
அடித்த இடத்துக்கே பந்து திரும்பத் திரும்ப வந்தது.
மான் ஒன்று மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

பெயர் கேட்கவில்லை நான்.
கேட்டால் எழுதவேண்டி வரும்,
எழுதினால் யாராவது விலை கேட்பார்கள்,
முதலில் கேட்பது நானாகவும் இருக்கலாம்.
கால் அளவு மட்டும் கேட்டேன்.
நாலு என்றது.
பிறகு, இல்லை, மூன்றரைதான்,
பெரிதாய்ச் சொன்னால் கூட நாள் போடலாமாம்.