எஃப் ஐந்து

தலைஞாயிறு கொள்முதல் நிலையம், இரவு ஒன்பதேகால்.
சூரியன் படம் போட்ட விசையை அழுத்துகிறேன்.
திரையில் கோடு இறங்குகிறது:
எண்பது, அறுபது, இருபது.
வெளிச்சம் இறங்கவில்லை.

அணையில் திறந்தாச்சு என்கிற அறிவிப்பு மாதிரி.
கடைமடைக்காரி எனக்குத் தெரியாதா இது?

பச்சைத் தத்துப்பூச்சி வந்து வந்து அப்புகிறது.
ஒன்று, ஈரப்பதக் கட்டத்தில்
ஒன்றுக்கும் ஏழுக்கும் நடுவே உட்கார்ந்து
புள்ளியாகிவிட்டது.
"பதினேழா, ஒண்ணு புள்ளி ஏழா?"
சிரிக்காமல் கேட்கிறார் சுமை தூக்கும் அடைக்கலம்.

பழைய மடிக்கணினி. விண்டோஸ் இழுக்கவில்லை என்று
லினக்ஸ் போட்டதே நான்தான்,
திட்டவும் வேறு ஆளில்லை.

கடைசிச் சிப்பம் தைத்ததும் டெர்மினலைத் திறந்தேன்.
பேக்லைட் அடைவுக்குள் இரண்டு பெயர்.
ஒன்றின் பின்னால் விளக்கு.
இன்னொன்றின் பின்னால் ஒன்றுமேயில்லை.
இத்தனை மாதமாய் இந்த விசை
தண்ணி ஏறாத வாய்க்காலில்
மதகைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறது.

கிரப் கோப்பில் ஒரு வரி.
'வென்டார்' என்று எழுதிப் பார்த்தேன், அசையவில்லை.
அழித்துவிட்டு 'நேட்டிவ்'.
ரீபூட்.
உள்ளே விசிறி உமி சிக்கினாற்போல் கனைத்தது.

எஃப் ஐந்து.
கோடு இறங்கியது,
கூடவே என் விரல்களின் மேலிருந்த வெள்ளையும்,
படி படியாக,
சாக்குக் கட்டின் நிறம் வரைக்கும்.

பூச்சிகள் கொஞ்சம் யோசித்தன.
பிறகு மொத்தமாய்க் கிளம்பி
அடைக்கலத்தின் செல்போனுக்குப் போயின.

போனைக் கவிழ்த்துத் தொடையில் தட்டியபடி
"இதுக்கும் ஒரு வரி எழுதேன்" என்றார்.