ஒன்பது சென்டிமீட்டர் கண்ணாடி

சம்மட்டி தொண்ணூறு ஸ்லோட்டி.
பொறியாளர் வந்து பார்க்க எண்ணூறு.
கின்டர் சம்மட்டியைத்தான் முதலில் வாங்கினான்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில்
இரண்டரை மீட்டர்ச் சுவர்.
அது போனால் வெளிச்சம் வரும் என்றான்,
மேசையை ஜன்னல் வரை இழுக்கலாம் என்றான்.
விரல் முட்டியால் தட்டிவிட்டு
"வெறும் தடுப்பு, உள்ளே ஒன்றுமில்லை" என்றான்.
டிராம் பணிமனையில் பிரேக் பார்க்கிறவனுக்குச்
சுவரின் சத்தம் எப்படிப் புரியும் என்று
நான் கேட்கவில்லை.
கதவுக்கு மேலே ஓடும் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு நாணயத்தைச் செருகினால் நிற்கும்.
ஒவ்வொரு குளிர்காலமும் வளர்வதாகவே தோன்றும்.

பித்தோமில் விரிசல் இல்லாத வீடு
இன்னும் கட்டி முடிக்காத வீடு.
ஊருக்கு அடியில் நூறு வருடம் கரி எடுத்தார்கள்.
எடுத்த இடம் சும்மா இருக்குமா,
உட்காருகிறது.
மாமனார் அலோய்ஸ் இதே தெருவுக்குக் கீழே
இருபத்தாறு வருடம் வெட்டினார்.
அந்தக் கூலியில் வாங்கியதுதான் இந்த வீடு.
"அப்பா கீழே தோண்டித்தான் மேலே வாங்கினார்."
குடித்தால் மட்டும் கின்டர் சொல்வான், சிரிப்பான்.

பொறியாளர் கொர்துலா பீக்கா
காலணியைக் கழற்றவில்லை.
காபி வேண்டாம் என்றார்.
சுவரைத் தட்டவும் இல்லை.
"மாடியில், இதற்கு நேர் மேலே என்ன இருக்கிறது?"

பதினெட்டு வருடம் இதே கூரையைப் பார்த்துப் படுத்தவர்கள் நாங்கள்.
தெரியவில்லை.
ஏறிப் போனோம். தெக்லா கதவைத் திறந்தாள்.
நானூறு லிட்டர் மீன்தொட்டி.
கோடு போட்ட சின்ன மீன்கள்,
நான் உருளைக்கிழங்கு உரித்த மாலைகளில் எல்லாம்
என் தலைக்கு மேலே நீந்திக்கொண்டிருந்திருக்கின்றன.

இறங்கி வந்து பீக்கா சொன்னார்:
"கட்டும்போது இது தாங்குகிற சுவர் இல்லை.
உத்தரம் தொய்ந்து தொய்ந்து
இதன் தலையில் உட்கார்ந்துவிட்டது.
தாங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
தாங்கிக்கொண்டிருக்கிறது."

கின்டர் எதையோ துடைத்தான்.
நான் கழுவிய தட்டை மறுபடி கழுவினேன்.

மூன்று விரிசல்களின் குறுக்கே
ஜிப்சம் குழைத்து
கண்ணாடிப் பட்டை ஒட்டினார்.
ஒன்பது சென்டிமீட்டர். பென்சிலில் தேதி.
ஆறு வாரம் பொறுங்கள்;
உடைந்தால் விரிசலுக்கு உயிர் இருக்கிறது,
உடையாவிட்டால் செத்த விரிசல், பூசிவிடலாம்.

அந்த ஆறு வாரம்
நாங்கள் கதவை அறைந்து சாத்தவில்லை.
சண்டையைக்கூடத் தாழ்ந்த குரலில் போட்டோம்.
தாழ்ந்த குரலில் போட்டால்
ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது!
"அன்றைக்கே நீ கேட்டிருக்கலாம்" என்று அவன் சொன்னது
எந்த அன்றைக்கு என்று
இரண்டு நாள் யோசித்தேன்.

கதவுக்கு மேல் இருந்த கண்ணாடி அப்படியே இருந்தது.
நான் பயந்ததெல்லாம் எப்போதோ செத்துப்போன விரிசலுக்கு.
உடைந்தது படுக்கையறை மூலையில்,
அலமாரிக்குப் பின்னால்,
முடி அளவுகூட இல்லாத ஒன்று.
ஒரு செவ்வாய் விடியலில், க்ளிக்,
யாரோ நாக்கைச் சொடுக்கியதுபோல.
இரண்டு பேரும் விழித்திருந்தோம் என்பது
அப்போதுதான் தெரிந்தது.

"சுவரை எடுக்கலாம்" என்றார் பீக்கா.
"முதலில் வீட்டைக் கட்ட வேண்டும்."
"கட்டிய வீடுதானே?"
"விறகுக்கட்டைக் கட்டுவதுபோல.
இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை
இரும்புக் கம்பி போட்டு, இழுத்து."

பதினொரு வீட்டார் கையெழுத்துக்கு மூன்று மாதம்.
தெக்லா முதலில் போட்டாள்,
தொட்டியையும் கனச் சுவரோரம் நகர்த்தினாள்.
பிறகு கம்பி. பிறகு எஃகு உத்தரம்.
மே மாதம் சுவரை அறுத்தெடுத்தார்கள், ரம்பத்தால்,
ரொட்டி அறுப்பதுபோல.
சம்மட்டி ஒரு தரம்கூட ஓங்கப்படவில்லை.
விலைச்சீட்டோடு வாசலில் கிடக்கிறது,
காற்றில் கதவு அறையாமல் பிடித்துக்கொண்டு.

வெளிச்சம் வந்தது.
அவன் சொன்ன அளவு இல்லை.

பூச வந்தவனிடம்
கதவுக்கு மேலே கை வைக்காதே என்றேன்.
நாற்காலி போட்டு ஏறி,
மங்கிக்கொண்டிருந்த தேதியை
பென்சிலால் ஒருமுறை அழுத்தி எழுதினேன்.
கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு
ஏன் என்று அவன் கேட்கவில்லை.