நாற்பத்து மூன்று

நேற்று ராத்திரி நான்தான் புதைத்தேன்.
ராமநாதபுரம் சந்தையில் வாங்கிய பூந்தொட்டி நான்கு,
அகல் ஆறு,
கழுத்துடைந்ததால் விலை குறைத்துக் கொடுத்த
ஒரு கூஜா.
சாக்குக்குள் போட்டுக் கல்லால் அடித்து
நாற்பது துண்டு எண்ணி எடுத்தேன்.
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
சாண் ஆழத்தில் ஒன்று, விரற்கடை ஆழத்தில் ஒன்று.
சீமைக்கருவேலத்துக்குப் பின்னாலிருந்து
ஒரு நாய் மட்டும் பார்த்தது.

காலையில் பந்தல் வந்தது, மைக் வந்தது.
'குடும்பத்தோடு வரலாறு' என்ற பிளக்ஸில்
ஆடிக் கச்சான் அடித்த அடியில்
துணைக்கால் ஒன்று கிழிந்து
'வரலறு' என்று நின்றது.
யாரும் குறை சொல்லவில்லை.

பெரியபட்டினத்து மேட்டில்
பத்துக் குடும்பம் எதிர்பார்த்தோம்; முப்பது வந்தது.
சுண்டல் பத்துக்குத்தான்.
செய்யது ஜுலைகா வீட்டில்
புருணை மாப்பிள்ளை சகிதம் பதினான்கு பேர்,
கூடவே ஒரு குடம் நன்னாரி சர்பத்.
மண் சலிக்கிற முக்காலியில்
சல்லடையைக் கழற்றிவிட்டு
யாரோ தொட்டில் கட்டிவிட்டார்கள்.
குழந்தை தூங்கியது.
நாங்கள் மண்ணைக் கையால் சலித்தோம்.

துறை அலுவலர் சீனத்துக் கப்பல் என்றார்,
பாண்டியர் துறைமுகம் என்றார்.
"எங்க ரிமோட் கார் வந்த கப்பலா சார்?"
கேட்டவன் முன்வரிசை. பல் இரண்டு இல்லை.
அவர் யோசித்துவிட்டு,
"அதுக்குக் கொஞ்சம் முந்தி" என்றார்.

பிறகு குழிக்குள் இறங்கின பிள்ளைகள்.
"ராஜா காலத்துப் பானை!" என்று ஒரு கூச்சல்.
செவ்வாய்க்கிழமைப் பானை,
நாற்பது ரூபாய்,
பேரம் பேசி முப்பத்தைந்து.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவன் அப்பா அதைத் துடைத்து
இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.
அப்படி யாரும் பூந்தொட்டியைப் பார்த்து
நான் பார்த்ததில்லை.

மூன்று மணிக்குத் தட்டில் எண்ணினேன்.
நாற்பத்து மூன்று.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன்.
நாற்பத்து மூன்று.

ஒன்று, டீக்கடைக் கோப்பையின் காது.
ஒன்று, நகத்தளவு வெள்ளைச் சில்லு,
மேலே நீலக்கொடி பாதி ஓடி நின்றது.
மூன்றாவது, சுட்ட மண் உருண்டை,
நடுவில் துளை.
எடுத்தவள் நம்புச்செல்வி, நாலாம் வகுப்பு.

அலுவலர் பூதக்கண்ணாடி தேடுவதற்குள்
அவள் அம்மா ராக்கம்மா
உள்ளங்கையில் போட்டுத் தூக்கிப் பார்த்தாள்.
"வலைக்குக் கட்டுறது. நாங்க இப்ப ஈயம் கட்டுறோம்."
சொல்லிக்கொண்டே
பிரியாணிப் பொட்டல நூலைத் துளையில் கோத்து
காலையிலிருந்து படபடத்த
பிளக்ஸின் நுனியில் முடிந்துவிட்டாள்.

"அம்மா, அது தொல்பொருள்!"
"கனம் இருக்கே" என்றாள்.
கச்சான் அடித்துக்கொண்டுதான் இருந்தது.
பிளக்ஸ் அசையவில்லை.
அவிழ்க்கச் சொல்ல வேண்டிய அலுவலர்
அரை நிமிஷம்
ஒன்றும் சொல்லாமல் நின்றார்.
நானும்தான்.

பதிவேட்டில் 'கண்டெடுத்தவர்' என்ற கட்டத்தில்
நம்புச்செல்வி வயலட் கிரயானால்
கட்டத்துக்கு வெளியேயும் சேர்த்து எழுதினாள்.
'ஆழம்' என்ற கட்டம்.
நாற்பதுக்கும் எனக்கு மனப்பாடம்,
இதற்குத் தெரியாது.
அவள் சட்டைக் கையைச் சுருட்டி
ஈரமண் ஒட்டியிருந்த இடத்தைக் காட்டினாள்.
'முழங்கை வரை' என்று எழுதினேன்.
துறை அதை ஒத்துக்கொள்ளுமா, தெரியவில்லை.
கோப்பையின் காதைத் தூரப்போடச் சொன்னார்கள்.
என் கைப்பையில் கிடக்கிறது.

திங்கட்கிழமை காலை ஒரு போன்.
"பையன் அந்தப் பானைத்துண்டைத்
தலைமாட்டில் வச்சுத்தான் தூங்குறான் மேடம்,
அது எத்தனை வருஷம் இருக்கும்?"
இந்தப் பக்கம் நான்,
கையில் சந்தைப் பில்.
"எண்ணிக்கிட்டு இருக்கோம்மா" என்றேன்.