சாம்பல் வரைபடம்

நகரியில் தறி ஓயாத தெருவுக்கும்
ரயில் கேட்டுக்கும் நடுவே
அறுநூற்றுப் பத்து மீட்டர்.
கீழே கால்வாய், மேலே மூடிய பலகைக்கல்.
'நடைபாதை' என்று தெலுங்கில் ஒருமுறை
தமிழில் ஒருமுறை எழுதி
இரண்டிலும் பிழையோடு
கோப்பு என் மேசைக்கு வந்தது.

கவுன்சிலருக்கு முகப்பில் வளைவு வேண்டும்.
கான்ட்ராக்டர் சுதாகருக்கு எவர்சில்வர் கைப்பிடி,
மீட்டர் கணக்கில் பில் போடலாம்.
எனக்கு என்ன வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் தெரியாது.

அதனால்
சாயப்பட்டறை கொதிகலன் சாம்பல்
நாலு மூட்டை வாங்கி
டில்லிபாபு சல்லடை பிடிக்க
சனிக்கிழமை இருட்டியதும் வழி நெடுகத் தூவினேன்.
"கிறுக்குப் புடிச்சிருச்சா மேடம்?"
பதில் சொல்லவில்லை, தும்மினேன்.

விடிந்து போய்ப் பார்த்தால்
ஊர் தன் பாதையைத் தானே போட்டு வைத்திருந்தது.
ஆடுகள் மட்டும் நேர்கோட்டில்.
மனிதர்கள் டிரான்ஸ்பார்மரைச் சுற்றி ஒரு வளைவு.
பூவரசு பக்கம், நடுராத்திரியிலும்
பகல் நிழலுக்கு ஒதுங்கிய கால்கள்.
மதகுச் சுவரோரம்
எதிரெதிரே இரண்டு ஜோடி, வெகுநேரம் நின்றவை
(அங்கே விளக்கு வேண்டாம் என்று குறித்துக்கொண்டேன்).

அப்புறம் அது.
ஒற்றைக்கால். இடதுகால் மட்டும்.
பதினோரு தடம், ஒவ்வொன்றும் ஒரு தாவல்,
பன்னிரண்டாவதில் இரண்டு காலும் பதிந்து
பிறகு சாதாரணமாக நடந்து போயிருந்தது.

விசாரித்தேன்.
நைட் ஷிப்ட், ஆறாம் தறி, முனிலட்சுமி,
வயது நாற்பத்தாறு.
"செருப்பு அறுந்துருச்சு மேடம்."
காலைப் பார்த்தேன்.
நீல வார், ஒரு தையல்கூட இல்லை.
அவளும் பார்த்தாள்.
'செருப்பு அறுந்தது' என்றே எழுதிக்கொண்டேன்.

நொண்டியடிக்க எஸ்டிமேட்டில் தலைப்பு கிடையாது.
'வழுக்காத தரை, சதுரம், எட்டு' என்று போட்டேன்.
கட்டம் எப்படி என்பதில்தான் தகராறு.
முனிலட்சுமி போட்டது பாண்டி,
எதிர்த்தறி நாகரத்தினம்மா அழித்துவிட்டுப் போட்டது
தொக்குடு பில்லா.
சாக்பீஸ் தீர்ந்து செங்கல் துண்டுக்கு வந்தும்
சண்டை ஓயவில்லை.
பாதையை ஒன்றரை மீட்டர் அகலமாக்கினேன்.
காரணம்: பாதசாரி நெரிசல்.

வளைவும் வந்தது, கைப்பிடியும் வந்தது.
வெயிலில் தொட்டால் சுடுகிறது,
ஆடுகள் மட்டும் முதுகு தேய்க்கின்றன.

அளவெடுக்க வந்த ஏ.இ. கேட்டார்:
"கடைசிக் கட்டம் ஏன் அரைவட்டம்?"
"தண்ணி வடிய சார்."
தலையாட்டிக்கொண்டு
டேப்பைச் சுருட்டியபடி
அந்த அரைவட்டத்துக்குள்
இரண்டு காலையும் ஊன்றி நின்றார்.

அங்கே ஊன்றலாம்.