புழுவெட்டு

முதலில் அது ஐந்து ராப்பன் காசளவு.
முடிவெட்டுகிறவள் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்ட,
யாருடைய தலையோ என்று பார்த்தாயாம்.
ஏரியிலிருந்து எழும்பிய மூடுபனி
பீல் நகரத்தை விட்டு விலகாமல் கிடந்த கிழமை
ஐந்து ஃபிராங்கையே வைத்துப் பார்த்தேன்.
அச்சாகப் பொருந்தியது.
லாபம்தான் என்றாய்.
சிரிக்கவில்லை.

புழு வெட்டிவிட்டது என்று
எனக்குத் தெரிந்த ஜெர்மனில் வைத்தியரிடம் சொன்னேன்.
அவர் எழுந்து வந்து
இரண்டாம் தரமும் உன் தலைக்குள் தேடினார்.
புழு இல்லை.
தன்பாட்டில் வரும், தன்பாட்டில் போகும் என்றார்.
பில் பிறகு வந்தது,
நூற்று எண்பது.

சின்ன வெங்காயம் கால் கிலோ.
உரித்து, இடித்து, துணியில் பிழிந்து
தோல் சிவக்கும்வரை தேய்க்க வேண்டும்.
இரண்டு பேருக்கும் கண் எரிந்தது.
யாருக்கு வெங்காயத்தால் என்று கேட்கவில்லை.
காலை பஸ்ஸில் கம்பளித் தொப்பிக்குள் நீ;
பக்கத்துச் சீட் எப்போதும் காலியாம்.

இரவு பத்துக்குப் பிறகு சத்தம் கூடாது.
உரலுக்கடியில் துவாய் மடித்து வைத்தும்
கீழ்வீட்டு எபிஷர் அம்மா கதவைத் தட்டினாள்.
மன்னிப்புக்கான வாக்கியத்தை
வினைச்சொல் கடைசியில் வரும்படி அடுக்கிக்கொண்டு திறந்தேன்.
மோந்து பார்த்தாள்.
உன் தலையைப் பார்த்தாள்.
இறங்கிப் போய் ஒரு பச்சைப் போத்தலோடு வந்தாள்.
பேர்ச் மரத்து நீர்,
தன் புருஷன் நாற்பது வருஷம் பூசினது.
பலன் இருந்ததா என்றேன்.
மொட்டையாகத்தான் செத்தார் என்றாள்,
ஆனால் வாசமாக.

ஒருநாள் வெங்காயம், ஒருநாள் பேர்ச்.
செவ்வரத்தை இங்கே பூக்காது;
தேநீர்ப் பைகளை வெட்டி ஊறவைத்து அப்பினேன்.
தலையணை உறை கொலை நடந்தது போலிருந்தது.
அடுத்த தோய்ப்பு முறை வர ஒன்பது நாள்.
அந்த ஒன்பது நாளும்
அதைத் திருப்பிப் போட்டுப் படுத்தோம்.

பதினோரு வருஷத்தில்
உன் மண்டையின் வடிவம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.
உச்சியில் சின்னதாய் ஒரு பள்ளம்.
அங்கே விரல் போனால்
வேலையிடத்துக் கதைகளைச் சொல்கிறாய்,
குடைச்சல் மிஷினில் விரல் போன போர்த்துக்கீசனை,
நீ கேட்டும் கிடைக்காத பகல் ஷிஃப்டை.
மேசையில் சாப்பிடும்போது சொல்லாதவை.

மாசிக் கடைசியில் முளைத்தது,
பீச் பழத்தோலில் இருப்பது போல, வெள்ளையாக.
வெங்காயமோ பேர்ச்சோ தன்பாடோ,
யார் கண்டது?
நீ படம் எடுத்து ரொறன்ரோவில் தம்பிக்கு அனுப்பினாய்.
தொப்பியைத் தோய்க்கப் போட்டாய்.
இனி நாறத் தேவையில்லை,
உரலை மேல் தட்டில் வை என்றாய்.

காதுக்குப் பின்னால்
இன்னும் கொஞ்ச இடம் இருக்கிறது, குகநேசன்,
என்றேன்.
கண்ணாடி இரண்டு பிடித்தாலும்
நீ பார்க்க முடியாத இடம்.
சொல்லிக்கொண்டே
வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன்.