பதினாறு அங்குலம்

சாந்திநகர் திருப்பத்தில்
புது ஸ்டியரிங் மறுத்துவிட்டது.
கோயம்புத்தூர்த் தோல், சிவப்புத் தையல்,
கைக்கு அடக்கம்.
பின்னால் பால்வண்டி மணியடிக்க
எம்.ஜி. தெருவுக்குக் குறுக்கே நின்றது,
வீம்பு பிடித்த கிடாரி மாதிரி.

"சின்ன வட்டத்துக்குத் தோள் பெருசா வேணும்லா, டாக்டரம்மா"
என்றார் காஜா முகைதீன், நட்டைக் கழற்றியபடி.

பழையது மேலப்பாளையம் பட்டறையில்
டயர்க் குவியல்மேல் கிடந்தது.
தொடையில் இடிக்கும்.
பத்துமணி முள் இருக்கும் இடத்தில் விரிசல்,
உள்ளங்கையைக் கடிக்கும்.

எலும்பு கூட்டுவது என் பிழைப்பு.
பசை வைத்து, தூண்டில் நரம்பு சுற்றி,
ஒரு ராத்திரி அசையாமல் கட்டிப்போட்டேன்.

மணிமுத்தாறு ஏற்றத்தில்
குழி, சரளை, நேற்றைய மழை
எல்லாம் கைக்கு வந்து சொல்லிவிட்டுப் போயின.
இடது வளைவில் மட்டும்
இன்னும் லேசாகக் கடிக்கிறது.

புதியதைக் கடைக்காரன் திருப்பி எடுக்கவில்லை.
இப்போது காஜாவின் ஆம்னிதான்
எங்கள் இரண்டில் மிடுக்கு.